அலைபேசி வாசிக்காத பாடம்

கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வருகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க முடிவது அதனால்தான். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சமூக அறிவியல் நடத்துகிறேன். கேரளக் கல்வித் துறையின் 'சமக்ர' இணையதளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப்பாகக் கிடைப்பது எங்களுக்குப் பெரிய துணை. புத்தகக் கட்டு வரத் தாமதமானாலும் பாடம் நிற்பதில்லை.

பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி வகுப்பில் சேர்ந்தபோது, பிடிஎஃப் மட்டும் போதாது என்று தெரிந்தது. அவள் அலைபேசி எழுத்தை வாசித்துச் சொல்லும். ஆனால் எனக்குக் கைமாறி வந்த ஒரு தமிழ்ப் பாடக் கோப்பைத் திறந்ததும் அது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளை உளறியது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது: திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே பதிவாகியிருப்பதோ ரோமன் எழுத்து. ஸ்கேன் செய்த இன்னொரு கோப்பில் வாசிக்க எழுத்தே இல்லை, வெறும் படம்.

பாடத்தை, தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அலைபேசி தடங்கலின்றி வாசித்தது. மறுநாள் அவள் கேட்டாள்: "டீச்சர், மேப்புல என்ன இருக்குன்னும் எழுதித் தருவீங்களா?" வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய், அதன் வழியே நம் ஊருக்கு வரும் காற்று என்று எழுதினேன். தினமும் அந்தக் காற்றில் நடந்து வருபவள் அவள். அன்று வகுப்பில் அந்த வரைபடத்தை மற்றவர்களுக்கு விளக்கியவளும் அவளே.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. பார்வைக் குறைபாடுள்ளோருக்கு நூல்கள் எட்டுவதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடே இந்தியாதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, உரிய அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை நூல்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. இத்தனை இருந்தும், தட்டச்சு வேலை ஆசிரியரின் இரவுகளுக்கு வந்து சேர்கிறது. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாடநூல் வாங்கும் ஒப்பந்தத்திலேயே மின்கோப்பு தரும் பொறுப்பு பதிப்பாளருக்கு வந்துவிடுகிறது.

இங்கும் அதுதான் வேண்டும். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பாடநூலுக்கும், படங்களுக்கான விளக்கங்களோடு, யூனிகோடில் ஒரு மின்வடிவம் அதே நாளில் வெளிவருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். தமிழ், கன்னட வழிப் புத்தகங்களைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கவும் கூடாது.