பாப் மார்லியின் கட்டை விரல்

பாப் மார்லி போஸ்டர் இல்லாத ஹாஸ்டல் உண்டா? என் கட்டிலுக்கு மேலேயும் ஒன்று தொங்குது. அவர் எப்படிச் செத்தார்னு கேட்டால், என் ரூம்மேட் ‘கஞ்சாதான்’னு சத்தியமே பண்றான். இல்லை பாஸ்! வலது கால் கட்டை விரல் நகத்துக்கு அடியில் வந்த மெலனோமா. 1977-ல் கண்டுபிடித்து, விரலை எடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். 1981 மே மாதம் கதை முடிந்தது. வயசு 36.

‘ஸ்கின் கேன்சரா, அது வெள்ளைக்காரனுக்கு வர்றது’ங்கறீங்களா? கறுப்புத் தோலுக்கு மெலனோமா குறைவுதான். ஆனால் வந்தால் இந்த அக்ரல் ரகம்தான் அதிகம். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி என்று வெயில் படாத இடமாப் பார்த்து உட்காரும்.

இதில் சிலருக்கு ‘கிட்’ என்ற ஜீன் பழுதாகியிருக்கும். நிறமி செல்லின் மேல் இருக்கும் ஸ்விட்ச்னு வச்சுக்குங்க. வெளியிலிருந்து சிக்னல் வந்தால்தான் அது ஆன் ஆகணும். பழுதானால் ஆன்லயே நிற்கும். செல் பெருகிக்கிட்டே போகும். இமாட்டினிப் மாத்திரை அந்த ஸ்விட்சை அடைக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கிய அதே மருந்து! ஆனாலும் கிட் பழுதான எல்லோருக்கும் கட்டி சுருங்குவதில்லை. சுருங்கினாலும் பலருக்குத் திரும்ப வளர்ந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே வெட்டி எடுப்பதை அடிச்சுக்க மாத்திரை இல்லை.

நகத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே அலறாதீங்க, நம்ம நிறத்துக்கு அது சகஜம். ஒரே விரலில் புதுசா வந்து, அகலமாகி, ஓரத் தோலிலும் கறுப்பு ஏறினால் மட்டும், ஸ்கின் டாக்டர்கிட்ட போய் ஷூவைக் கழட்டுங்க.