வால்டன் கரையில் ஒரு விதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு ஊரையடுத்த வால்டன் குளக்கரையில் ஓர் இலையுதிர்காலக் காலையில் நின்றோம். மரங்களினூடே ஒரு கற்குவியல் தெரிந்தது. ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 முதல் ஈராண்டுகளுக்குச் சற்று மேலாகத் தனித்து வாழ்ந்த சிறு குடில் இருந்த இடம் அதுவே. நீளம் 15 அடி, அகலம் 10 அடி. நிலம் நண்பர் எமர்சனுடையது.

இயற்கையினூடே ஆன்மா பரம்பொருளை நேரே உணரலாம் என்பது எமர்சனின் கொள்கை. அதை நெஞ்சில் ஏற்ற தோரோ, அளவுநூலையும் கைவிட்டாரல்லர். அடியே இல்லாத குளம் என்று ஊரார் சொல்லிவந்ததை, கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி 102 அடி என்று கண்டார்.

1860-இன் தொடக்கத்தில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலைக் கற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் உழவர் கூட்டமொன்றில் பேசினார். பைன் காட்டை வெட்டிய இடத்தில் ஓக் முளைப்பது எவ்வாறு? விதையின்றித் தானே தோன்றுகிறது என்றனர் சிலர். அணில் புதைத்து மறந்த கொட்டையே மரமாகிறது என்று விளக்கினார் தோரோ. காரணம் தெரிந்தபின் விதையின்மேல் அவருக்கிருந்த வியப்பு வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை.

அக்கரையில் நம் நெஞ்சு உறுத்திற்று. முன்னொரு நாள், மறைக்கல்வி வகுப்பில் பரிணாமம் பற்றிக் கேட்ட சிறுவனை அதட்டி அமர்த்தினோம். பின்னர் அவன் எதுவுமே கேட்கவில்லை. இறைவனின் படைப்பை ஆராய்வது அவரை மறுப்பதாகுமா? அன்று நாம் காத்தது விசுவாசத்தையன்று, நம் அச்சத்தையே.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். ஊர் திரும்பியதும் நாமும் அவனைத் தேடிச் செல்வோம்.