கோச்சிடம் கேட்பது வேறு, மூத்தவரிடம் கேட்பது வேறு

"எனக்கு நல்ல மென்ட்டார் ஒருத்தர் வேணும் சார்" என்று, வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். எதற்கப்பா என்றால், மீட்டிங்கில் பேச நா எழவில்லை, நமக்குக் கீழே இருப்பவர்களிடம் வேலை வாங்கத் தெரியவில்லை என்பார்கள். இதற்குத் தேவை ஒரு கோச். வேறு சிலர் கோச்சுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, "இந்த வேலையை விடலாமா, வேண்டாமா என்று அவர் சொல்லவே மாட்டேன் என்கிறார்" என்று அலுத்துக்கொள்வார்கள். அதைச் சொல்வது அவர் வேலையே இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க நம் சென்னைப் பையன் குகேஷைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனவர். சிறுவயதில் அவரைப் பழக்கிய கிராண்ட் மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, நெடுநாள் வரை கணினி எஞ்சின்களை அண்டவிடாமல் எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட வைத்தார். உலகப் போட்டிக்கு முன்பு பேடி அப்டன் வந்தார். 2011 இல் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மனப்பயிற்சியாளராக இருந்த தென்னாப்பிரிக்கர் அவர். செஸ்ஸில் குகேஷுக்கு அவர் சொல்லித்தர ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் நீளும் போட்டியில் மனம் சிதறாமல் உட்காருவது எப்படி என்பதுதான் அவர் பாடம். ஆக, கோச் உங்கள் துறையில் கரை கண்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முன்னாள் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தின் இடம் வேறு. 2020 இல் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் செஸ் அகாடமியில் குகேஷ், பிரக்ஞானந்தா போன்றவர்களுக்கு அவர் மூத்தவராக நின்றார். தினசரிப் பாடம் எடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனந்துக்கே ஒரு காலத்தில் உதவியாளராக இருந்த போலந்துக்காரர் கயெவ்ஸ்கி, பின்னால் குகேஷின் பயிற்சியாளர் ஆனார். சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். அன்று அறைக்குத் திரும்பும் வழியில் ஆனந்த் அவரிடம், எனக்கு மிச்சம் இருந்தது 11 ஆட்டம்தான், உனக்கு 13 இருக்கிறதே என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாராம். பட்டம் வென்ற பிறகு குகேஷே இதைச் சொன்னார். 2010 இல் சோஃபியாவில், 12 ஆட்டங்கள் கொண்ட போட்டியின் முதல் ஆட்டத்தை டோபலோவிடம் தோற்று, கடைசியில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர் ஆனந்த். அதே வார்த்தையை அப்டன் சொல்லியிருந்தால் வெறும் கூட்டல் கழித்தல். பட்டவர் சொன்னதால் அதற்கு எடை வந்தது.

அலுவலகத்துக்கு வருவோம். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண், ஐடி கம்பெனியில் டீம் லீட். கம்பெனி செலவில் கோச் வைத்துக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து வந்து, "அங்கிள், அந்தம்மா பதிலே சொல்றதில்ல, கேள்விதான் கேக்கறாங்க" என்றாள். என்ன கேட்டாராம்? போன வாரம் மீட்டிங்கில் யார் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இவள் எழுதிப் பார்த்தால், முக்கால்வாசி நேரம் பேசியது இவளே! "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எதை மாத்தப் போறீங்க?" என்பது அடுத்த கேள்வி. "அவங்க சரியாத்தானேம்மா செய்யறாங்க" என்றேன். இலக்கு எது, இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டு போவது ஜான் விட்மோர் 1992 இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை. இத்தனை சந்திப்பு, இன்ன இலக்கு, இவ்வளவு கட்டணம் என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்கிற ஏற்பாடு அது. முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிய வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. கோச் என்று விசிட்டிங் கார்டு அடிக்க நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. 1995 இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, மற்ற தகுதிகளோடு 100, 500, 2,500 மணி நேர அனுபவத்தையும் பார்த்து மூன்று நிலைகளில் சான்று தருகிறது. எந்த நிலை என்று கேளுங்கள். கம்பெனி பணம் கட்டுகிறது என்றால், நாம் பேசுவதில் எது எச்.ஆர். காதுக்குப் போகும், எது போகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மென்ட்டார் என்கிற வழிகாட்டிக்குக் கட்டணமும் இல்லை, கெடுவும் இல்லை. அவர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை, கதவையும் தட்டுவார். வேலை தேடி அலைந்த கணித மேதை ராமானுஜன், 1910 வாக்கில் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியதும், இந்தப் பிள்ளையை ரெவின்யூ ஆபீசில் போட்டுப் புதைக்கக்கூடாது என்று, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கேட்டதைக் கொடுக்காமல் தேவையானதைக் கொடுத்தார். அந்த வரிசையில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் மாத உதவியும், 1912 இல் துறைமுகத்தில் வேலையும், அங்கே நாராயண ஐயர் என்ற கணிதம் தெரிந்த மேலதிகாரியும் கிடைத்தார்கள். மறு வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போனது.

இதற்காக என் போன்ற கிழவர்கள் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பார்த்த உலகம் அரசு வேலையும் பென்ஷனும். "இருக்கிற இடத்தை விடாதே" என்று ஒருவர் சொன்னால், அது அவர் காலத்துக்குச் சரியா, உங்கள் காலத்துக்கா என்று நீங்கள்தான் சலித்து எடுக்க வேண்டும். அதேபோல, உங்கள் அப்ரைசலில் கையெழுத்துப் போடும் மேனேஜரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நல்லவராகவே இருக்கட்டும்; சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரிடம் "எனக்கு இது தெரியவில்லை" என்று யார் மனம் திறந்து சொல்வார்கள்? பக்கத்துப் பிரிவில் ஒருவரைப் பாருங்கள்.

"எனக்கு மென்ட்டாராக இருங்கள்" என்று முன்பின் தெரியாதவருக்கு லிங்க்ட்இன்னில் செய்தி அனுப்புவதால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒரே ஒரு சந்தேகத்தோடு போங்கள், அரை மணி நேரம் கேளுங்கள், வந்துவிடுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்த பிறகு, பலித்ததோ பலிக்கவில்லையோ, ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். யோசனை கேட்டுப் போனவர்களில் திரும்ப வந்து சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எங்களுக்கு அவர்களைத்தான் ஞாபகம் இருக்கிறது.