திருமதி மட்டும் போதுமா?



அமெரிக்க ஆவணக் காப்பகங்கள் பலவற்றில் பழைய தொகுப்புகளின் விவரக் குறிப்புகளைத் திருத்தி எழுதி வருகிறார்கள். அந்தக் காலக் குறிப்புகளில் பல பெண்களுக்குச் சொந்தப் பெயரே இல்லை. 'திருமதி' போட்டுக் கணவர் பெயர்தான். அந்த அம்மாள் எழுதிய கடிதங்களே பெட்டியில் இருந்தாலும், அவர் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காது. இப்போது கடிதங்களையும் மற்றப் பதிவேடுகளையும் பார்த்துப் பெயரைச் சேர்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஐசாட்-ஜி என்ற சர்வதேச விதிமுறை 1994-ல் வந்தது, 2000-ல் அதன் திருத்திய பதிப்பு வெளியானது. குறிப்பை யார் எழுதினார், எந்த விதிப்படி, எந்தத் தேதியில் என்று பதிய அதில் தனி இடமே உண்டு. பின்னால் வருபவர் சரிபார்க்கலாம் அல்லவா?

நம் வீட்டு ஆல்பங்களிலும் 'வாத்தியார் சம்சாரம்', 'மேலத்தெரு ஆச்சி' என்றுதானே இருக்கிறது? பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பழைய படத்தின் பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், பெயரை எழுதுங்கள். யார் சொன்னார்கள், என்றைக்கு எழுதினீர்கள் என்பதையும் குறியுங்கள். முன்பு எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்தக் காலம் அவர்களை எப்படி அழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.