தாடை வலியும் மெண்டலின் பட்டாணியும்

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. பேச, மெல்ல, கொட்டாவி விட எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அதில் வலி வந்தால் என்ன பாடு என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். முறுக்கை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இட்லியைக்கூடச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறாள். முதலில் பார்த்த பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை.

போன மாதம் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். ரத்தத்தில் உள்ள சில வேதிப்பொருள்களுக்கும் தாடை மூட்டு வலிக்கும் தொடர்பு இருப்பதை மரபணு வழியாகக் கண்டிருக்கிறார்களாம். "ஏங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்றாள்.

வலிக்காரர் ரத்தத்தில் ஒரு பொருள் கூடுதலாக இருந்தால் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சரியாகச் சாப்பிடாததால், வலி மாத்திரையால்கூட ரத்தம் மாறியிருக்கலாம். மரபணு அப்படியில்லை. கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டது போல விழுந்துவிடுகிறது. அறுபது வயதில் வந்த வலி அதை மாற்றாது. ஆகவே, ஒரு பொருள் பிறவியிலேயே கூடுதலாகச் சுரக்கும் மரபணு உள்ளவர்களுக்கு வலியும் அதிகமா என்று பார்க்கிறார்கள். 1866-இல் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை வெளியிட்ட மெண்டலின் பெயரால் இதை மெண்டலியன் ராண்டமைசேஷன் என்கிறார்கள்.

நம் வயதுக்காரர்கள் ரிப்போர்ட்டில் முதலில் தேடும் 'நல்ல கொழுப்பு' எச்.டி.எல். இந்தச் சோதனையில் சிக்கியது. அதைப் பிறவியிலேயே கூட்டும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் தெரிந்தது. இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

ஆனால் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே வலையில் அலசினால் சில தற்செயலாகவும் மாட்டும். தாடை வலி ஆய்வுகள் பலவற்றுக்கு ஆதாரம், ஐந்து லட்சம் பின்லாந்துக்காரர்களைச் சேர்த்த ஃபின்ஜென் திட்டத்தின் தகவல். நம் ஊர் உடம்புக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒருத்தி வலிக்குக் காரணம் சொல்லாது. டெஸ்ட் வேண்டாம் என்றேன்.

"அப்ப எனக்கு என்னதான் வழி?" என்றாள். நியாயமான கேள்வி.

இப்போது பார்க்கும் டாக்டர் சொன்னது வெந்நீர் ஒத்தடம், மெதுவான உணவு, வாய்ப் பயிற்சி. உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கக் கூடாதாம். சீரியல் பார்க்கும்போது பல்லைக் கடிக்கிறாள் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தோம். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் அவ்வப்போது நினைவூட்டுகிறேன், முறைக்கிறாள்.