இரு கார்களும் ஒரு வினாவும்

ஒரு பழைய காரின் பெருமை அதன் உருவத்தில் உள்ளதா, அது ஓடிய ஓட்டத்தில் உள்ளதா? சேகரிப்போரிடையே ஓயாமல் எழும் வினா இது. செல்வர்களின் பொழுதுபோக்கென்று இதனை ஒதுக்கிவிட என் மனம் இசைவதில்லை. அத்தகைய காரை வாங்கும் வசதி எனக்கு இல்லை. எனினும், இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட இரு கார்களின் படங்களை அருகருகே வைத்து நோக்கிப் பல மாலைகளைக் கழித்திருக்கிறேன். ஒன்று, பிரான்சு நாட்டின் புகாட்டி அட்லாண்டிக். மற்றொன்று, இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி.

அட்லாண்டிக், 1936 முதல் 1938 வரை நான்கே நான்குதான் பிறந்தது. அதனை வடிவமைத்த ழான் புகாட்டி, நிறுவனரின் மகன். அதன் முன்னோடியாக 1935இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட காரின் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. வெல்டிங் செய்தால் தீப்பற்றும் என்பதால், தகடுகளின் விளிம்புகளை வெளியே மடித்து ரிவெட் ஆணிகளால் இணைத்தனர். பின்னர் வந்த அட்லாண்டிக்கின் கூடோ அலுமினியம். ஆணிகளுக்குத் தேவை இல்லை. ஆயினும் ழான் அவற்றை நீக்கவில்லை. முதுகெலும்பு போல் நடுவே ஓடும் அவ்வரிசையே இன்று அக்காரின் அடையாளம். தேவை மறைந்தது, அழகு நின்றது.

ஆல்ஃபாவின் அழகு வேறு வகையது. விட்டோரியோ யானோவின் பந்தய எஞ்ஜின்களின் வழிவந்த எட்டு சிலிண்டர் எஞ்ஜின், 2905 சி.சி., இரண்டு சூப்பர்சார்ஜர்கள். மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் மெல்லிய குழாய்களால் சட்டமிட்டு, அதன்மேல் அலுமினியத் தகட்டைத் தோல்போல் போர்த்தியது. இணைப்பு எதுவும் கண்ணில் படாது. 1938இல் இவ்வகைக் கார் மில்லே மிலியா பந்தயத்தை வென்றது. அதே ஆண்டில் லெ மான் பந்தயத்தில் பெரும் முன்னிலையில் ஓடிய ஒன்று, டயர் வெடித்து, பின் எஞ்ஜினும் பழுதுற்று நின்றது. போர் முடிந்தபின், 1947இல், பியொண்டெட்டியும் ரொமானோவும் சூப்பர்சார்ஜர்கள் கழற்றப்பட்ட ஒரு 2900பியை ஓட்டி மீண்டும் மில்லே மிலியாவை வென்றனர்.

சேகரிப்போரின் தராசு இங்கேதான் தடுமாறுகிறது. ழான் தம் முப்பதாம் வயதில், 1939இல், சோதனை ஓட்டத்தில் மாண்டார். அவர் பயன்படுத்திய கறுப்பு அட்லாண்டிக் போர்க்காலத்தில் மறைந்தது; இன்றளவும் அகப்படவில்லை. மற்றொன்று 1955இல் ரயில் மோதிச் சிதைந்து, எஞ்சிய துண்டுகளைக் கொண்டு மீண்டும் உருவாக்கப்பட்டது. அதில் எவ்வளவு அசல் என்று கணக்கிடுவோர் உண்டு. பந்தயக் கார்களிலோ, ஓட்டத்திற்காக உறுப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. மாறியதெல்லாம் குறை என்றால், 1947இல் வென்ற காரை எவ்வாறு மதிப்பிடுவது?

அட்லாண்டிக்கின் ஆணிகளில் என் கண் நிலைக்கிறது. ஆயினும் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றால், ஆல்ஃபாவையே தேர்வேன். 1977 முதல் மில்லே மிலியா பழங்கார்களின் நினைவோட்டமாக நடந்துவருகிறது. விலைமதிப்பற்ற கார்கள் பிரெஷ்ஷாவிலிருந்து ரோம் சென்று திரும்புகின்றன. மழையில் நனைகின்றன; சாலைக் கற்களால் வண்ணம் பெயர்கின்றன. கண்ணாடிக்குள் காத்தால் உருவம் நிலைக்கும். காரின் குரலை அறிய அதனைச் சாலையில் விடத்தான் வேண்டும்.