சங்கில் புகட்டிய தண்ணீர்

இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்திருந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் வாசித்தால் போதும்.

மகளின் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். பேரன் பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. அப்போது எனக்கு ஜலதோஷம். அதைப் பொருட்படுத்தாமல் பிள்ளையை மடியில் வைத்து முத்தமிட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு நாளில் அவனுக்கும் மூக்கு ஒழுகியது. அடுத்து மூச்சு வாங்கியது. பால் குடிக்க மறுத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் உம்மா" என்றாள் மகள். நாற்பது கழியாத பிள்ளையை வெளியே எடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஓதிய தண்ணீரைச் சங்கில் எடுத்து நாளெல்லாம் புகட்டினேன்.

அன்று தஹஜ்ஜுத் வேளையில் பிள்ளையின் மூச்சு சில நொடிகள் நின்று, உதடு நீலம் பாரித்தது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்த சற்று நேரத்தில் இடக்கை வெட்டி வெட்டி இழுத்தது. கண்கள் ஒரு பக்கமாக நிலைத்தன. மூளைக்காய்ச்சலோ என்று முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிருமி இல்லை. இரத்தத்தில் சோடியம் 118. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வந்திருப்பது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். பச்சிளம் பிள்ளைக்கோ நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். மூச்சே விட்டு விட்டு நிற்கலாம். நோய் முற்றினால் உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோன் மிகுந்து சோடியம் இறங்கும். அதனால் மூளை வீங்கி வலிப்பு வரும். பிராணவாயுக் குறைவும் மூளையைத் தாக்கும்.

பிறகு கேட்டார்: "தண்ணீர் ஏதும் கொடுத்தீர்களா?"

மகள் என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. நானே சொன்னேன்.

"நோயே சோடியத்தை இறக்கும் அம்மா. தண்ணீர் இன்னும் இறக்கியிருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லில் கடுமை இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடர்ந்த உப்புநீரை நரம்பு வழியே செலுத்தி, சோடியத்தை மெல்ல ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினோம், அல்ஹம்துலில்லாஹ். பேரன் சற்றுத் தாமதமாக நடந்தான். வளர்ச்சிப் பரிசோதனைக்கு இன்றும் அழைத்துச் செல்கிறோம்.

எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் அழுதபடி நடந்ததைச் சொன்னேன். "பிள்ளைக்கு ஓதி ஊதுங்கள். ஆனால் துஆவுக்குத் தண்ணீர் நிபந்தனை இல்லையே. மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழிதான்" என்றார்.

ஆகவே சகோதரிகளே, ஆறு மாதம் நிறையும்வரை பால் மட்டுமே கொடுங்கள். ஜலதோஷம் உள்ளவர் பிள்ளையை முத்தமிட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமல் மூச்சு விட்டால், விலா உள்வாங்கினால், பால் மறுத்தால் நாற்பதை எண்ணிக் காத்திராதீர்கள்.

மகள் அன்று என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.